குமரியில் மெட்டல் இசை கேட்க ஆள் தேடுகிறவர்களுக்கு

மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் அயர்ன் மெய்டன் சட்டை போட்ட ஒரு பையனைக் கண்டதும், வந்து நின்ற களியக்காவிளை பஸ்ஸை விட்டுவிட்டு அவனிடம் ஓடினேன். கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் எலும்புக்கூட்டு முகம். "எந்த ஆல்பம் மக்கா ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டேன். அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். "இது தங்கச்சி வடசேரியில எடுத்துத் தந்ததாக்கும் அண்ணே. இந்தப் பேயி யாரு?"

பேயின் பெயர் எட்டி. மெட்டல், அதாவது கனத்த ராக் இசை, வாசிக்கும் அயர்ன் மெய்டன் 1975இல் லண்டனில் தொடங்கிய குழு; அதன் முதல் ஆல்பம் 1980இல் வந்ததிலிருந்து அட்டைப் படத்தில் அவன்தான். இதையெல்லாம் ஒரு சாயாவுக்கு மேல் சொல்லி, இயர்போனில் ஒரு பாதியை அவன் காதில் வைத்தேன். "தகரக் கூரையில ஐப்பசி மழை விழுகது மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்று நாங்கள் ஐந்தாறு பேர் திருவனந்தபுரத்துக்கு நிகழ்ச்சி பார்க்கப் போனால் வண்டி ஓட்டுவது அவன்தான். இப்போதும் மெட்டல் பிடிக்காது. நாங்கள் உள்ளே போனதும் வெளியே தட்டுக்கடையில் உட்கார்ந்துவிடுவான்.

புதிதாக இந்த இசைக்குள் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நம்ம மாவட்டத்துல மெட்டல் எங்க நடக்கு?" என்பதுதான். வாராவாரம் மெட்டல் வாசிக்கும் கிளப் நாகர்கோவிலில் இல்லை. இருப்பது ஆட்கள், அவர்களும் சிதறிக் கிடக்கிறார்கள். குலசேகரத்தில் ஒருவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். குளச்சலில் ஒருவர் விசைப்படகில் வேலை பார்க்கிறார். தக்கலையில் ஒருத்தி நர்சிங் படிக்கிறாள். நூறு பேர் உள்ள கூட்டத்தைத் தேடினால் கிடைக்காது. ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள். உங்களைக் கேட்க வைக்க ஒருவர், நீங்கள் கேட்க வைக்க ஒருவர்.

காதுக்கு முதலில் கொஞ்சம் பழக்கம்

இந்த இசையே ஒருவர் இன்னொருவரைக் கேட்க வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி அயோமி என்ற இடதுகைக் கிதார்க்காரப் பையன் இரும்புத் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தான். வயது 17. வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில் எந்திரம் அவன் வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. கிதார் முடிந்தது என்று கிடந்தவனிடம் ஆலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டோடு வந்தார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கியும் உலகமே வியக்க வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்டின் தட்டு. அதைக் கேட்ட பிறகு பையன் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். மெல்லிய கம்பி மாட்டினான். 1970 பிப்ரவரி 13 அன்று அவன் குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வெளியானது. பிறகு சுருதியையும் இறக்கினான்.

என் அப்பா மரப்பணி செய்தவர். அறுப்பு மில்லில் அவருக்கும் ஒரு விரல் நுனி போயிருந்தது. இந்தக் கதையைச் சொன்னபோது, "அந்தக் கைய வச்சா லே இந்தச் சத்தம்?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு சத்தத்தைக் குறை என்று சொன்னதே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

நீங்களும் சப்பாத்திலிருந்து தொடங்கலாம். அயர்ன் மெய்டன், பிறகு எண்பதுகளின் அமெரிக்கத் திராஷ் (வேகமான மெட்டல் வகை) நால்வரான மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ், பிரேசிலின் செபுல்துரா. வாரம் ஒரு குழு போதும். ஐம்பது குழுவின் பெயரை மனப்பாடம் செய்து வருகிறவர்களை எனக்குத் தெரியும், பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். பக்கத்து ஊர்க்காரர்களையும் கேளுங்கள்: திருவனந்தபுரத்தின் கேயாஸ், கொச்சியின் மதர்ஜேன், கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ், 1998இலிருந்து வாசிக்கும் பெங்களூரின் கிரிப்டோஸ், கொழும்பின் ஸ்டிக்மாட்டா. டெல்லியின் பிளட்டிவுட் மெட்டலோடு வடநாட்டு 'டோல்' மேளத்தைக் கலக்கும்போது வடக்கே உள்ளவர்கள் வியக்கலாம். திருவிழாவில் சிங்காரி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சு அதிர வளர்ந்த நமக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் சத்தம்.

உறுமல் குரல் முதலில் சிரிப்பை வரவழைக்கும். சிரியுங்கள், தப்பில்லை. மூன்றாம் வாரம் அதற்குள் சொற்கள் கேட்க ஆரம்பிக்கும்.

எங்கே தேடுவது

சர்ச்சில். கேலிக்குச் சொல்லவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். பாடற்குழுவோடு கீபோர்டு, கிதார், டிரம்ஸ் எல்லாம் உள்ள ஆலயங்கள் ஏராளம். மற்ற மாவட்டத்துப் பையன் டிரம் செட்டைத் தொட்டுப் பார்க்கவே காசு கொடுத்து வகுப்பில் சேர வேண்டும்; இங்கே பத்து வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசிக்கிறான். ஆராதனை முடிந்து சனம் கலையும் நேரத்தில் கவனியுங்கள். ஒயர் கழற்றும் இடைவெளியில் கிதார்க்காரர் உள்ளங்கையால் கம்பியை அமுக்கிப் பிடித்து 'ஜக் ஜக் ஜக்' என்று நான்கு அடி அடிப்பார். டிரம்ஸ்காரர் தலை நிமிராமல் காலால் பதில் கொடுப்பார். உங்கள் ஆட்கள் அவர்கள்தாம்.

உடனே போய் "நீங்க மெட்டல் கேப்பீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள், பாஸ்டர் பக்கத்தில் நிற்பார். கேபிள் சுருட்ட உதவுங்கள். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. முழங்கையில் போட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி முறுக்கேறி நாளடைவில் அறும். கையில் வளையமாக, ஒரு வளையம் மேலாகவும் அடுத்தது உள்ளாகத் திருப்பியும் விழ வேண்டும். அப்படிச் சுருட்டத் தெரிந்தவனை எந்த இசைக்காரனும் ஒரு சாயா குடிக்காமல் அனுப்ப மாட்டான். எனக்குக் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர் கேபிள் சுருட்டிக் கிடைத்தவர்கள்.

மைக் செட் கடைகள், கிதார் கம்பி விற்கும் கடைகள், பொறியியல் கல்லூரிகளின் கலைவிழா மேடைப் பின்புறம், செண்டை மேளக் குழுக்கள் எல்லாம் அடுத்த வரிசை. சட்டையை அடையாளமாக நம்புவதில் உள்ள சிக்கலை மேலேயே சொல்லிவிட்டேன். கார்த்திகை மாதம் அந்த வழியும் அடைபட்டுப் போகும். கறுப்புச் சட்டை போட்டு நின்றால் "சாமி, எப்போ மலைக்கு?" என்று கேட்பார்கள். ஒரு வருடம் நான் மறுக்கச் சங்கடப்பட்டு, தேதி வேறு சொல்லிவிட்டேன்.

முதல் பேச்சு

பரீட்சை வைக்காதீர்கள். சட்டை போட்டவரிடம் "மூணு பாட்டு சொல்லு பாப்போம்" என்று கேட்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. அதைப் போல ஆளை விரட்டும் வேறு வழி இல்லை. "நேத்து என்ன கேட்டீங்க?" என்று கேளுங்கள். பதில் அனிருத் என்றாலும் பேச்சைத் தொடருங்கள்.

கைச்சின்னம் பற்றி ஒரு சொல். ஆட்காட்டி விரலும் சுண்டு விரலும் நிமிர்ந்து, நடு இரண்டும் மடங்கி, அவற்றின் மேல் பெருவிரல் அமர வேண்டும். பெருவிரலையும் நீட்டினால் அமெரிக்கச் சைகை மொழியில் 'உன்னை நேசிக்கிறேன்' என்றாகிவிடும், அதிலும் மோசமில்லை. மேடைகளில் இதைப் பரப்பியவர் மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வழி வந்த தன் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டும் சைகை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடும் நம் ஆத்தாமாருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

வீட்டில் கேள்வி வரும்போது

"இது சாத்தான் பாட்டுல்லா?" எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. சண்டை போட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம்.

ஸ்டிரைப்பர் என்ற கலிபோர்னியக் குழு எண்பதுகளில் கச்சேரி மேடையிலிருந்து கூட்டத்துக்குப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசியது. ஏசாயா 53:5இல் வரும் 'தழும்புகளால் குணமாகிறோம்' என்ற வசனத்திலிருந்து எடுத்த பெயர் அது. என் நண்பனின் அம்மா வேதப் புத்தகத்தை எடுத்து வசனத்தைச் சரிபார்த்துவிட்டு, "முடி மட்டும் வெட்டச் சொல்லு" என்றார். சைவ, வைணவ வீடுகளுக்குச் சிங்கப்பூரின் ருத்ரா இருக்கிறது. 1992இல் தொடங்கிய குழு, சமஸ்கிருதச் சுலோகங்களை உறுமும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயில் பிளாக் மெட்டல் என்ற மெட்டல் வகையின் வட்டத்தைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1992 ஜூனில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமா சொல்வார். நீங்களே சொல்லி, "அவனுவ பாட்ட நான் கேக்கல்ல" அல்லது "கேக்கேன், செஞ்சது அநியாயம்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டால் வீட்டாருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

முதல் கூடுகை

மூன்று பேர் சேர்ந்துவிட்டால் நாள் குறியுங்கள். குமரியில் நாள் குறிப்பதுதான் உண்மையான வித்தை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பால்வெட்டுக்காரர் விடியும் முன்னே தோட்டத்தில் நிற்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவரை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மழை பெய்தால் வெட்டு கிடையாது. விசைப்படகுக்காரருக்கு மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலைதான் இருவரும் வீட்டில் இருக்கும் காலம். அன்றாடக் கூலி நின்றுபோன மாதங்கள் என்பதால் செலவை யார் தலையிலும் கட்டாதீர்கள். சம்பளக்காரர் மீன் வாங்கட்டும், மற்றவர் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கொண்டு வரட்டும், தேங்காய் எப்படியும் ஒரு வீட்டில் கிடக்கும்.

இடம் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையாக இருக்கட்டும். முட்டம் பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் படம் எடுக்க நல்ல இடங்கள். பாட்டுக் கேட்க அங்கே காற்று விடாது. கடலோரம் கிதார் கொண்டு போனால் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும், திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

எங்கள் முறை எளியது. ஆளுக்கு ஒரு பாட்டு. ஒருவர் போட்ட பாட்டை முடியும் முன் யாரும் நிறுத்தக் கூடாது, பதினான்கு நிமிடம் ஓடினாலும் சரி. பாட்டு ஓடும்போது பேச்சில்லை. முடிந்ததும் போட்டவர்தான் முதலில் பேச வேண்டும்: ஏன் இதைக் கொண்டு வந்தேன் என்று. எங்கள் குளச்சல்காரர் ஒருமுறை மெதுவான, இழுத்து இழுத்து நகரும் டூம் மெட்டல் ஒன்றைப் போட்டுவிட்டு, "வல இழுக்கும்போ இத மனசுல ஓட்டுவேன், கைக்குக் கணக்குத் தப்பாது" என்றார். அதுவரை டூம் எனக்குத் தூக்க மருந்து. 19 வயதுக்காரி 45 வயதுக்காரரை அண்ணன் என்றே கூப்பிடட்டும். பாட்டு போடும் முறை வரும்போது இருவருக்கும் ஒரே எண்ணிக்கைதான்.

பெண்கள் வர வேண்டுமானால் பகலில் கூடுங்கள், வீட்டில் ஒரு பெரியவர் இருக்கட்டும், அவரவர் ஊருக்குக் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வையுங்கள். எங்களோடு வரும் ஒருத்தி சொன்னது மனதில் கிடக்கிறது: வேறு இடங்களில் இரண்டு வருடம் போய்வந்தும் அவளிடம் எல்லாரும் "யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டார்களாம், என்ன கேட்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். எங்களில் உறுமல் குரல் வகையான டெத் மெட்டலை அவள் அளவுக்கு அறிந்தவர் யாரும் கிடையாது.

சத்தம்

வாசிக்கவும் தொடங்கிவிட்டீர்கள் என்றால்: ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பே 55 டெசிபல்தான். டிரம்ஸ் அதை முதல் அடியிலேயே தாண்டும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளியே கேட்காது என்பது வெறும் நம்பிக்கை. எதிரொலி கொஞ்சம் குறையும், சத்தம் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும். ரப்பர் தோட்டத்து நடுவே ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புரை கிடைத்தால் அதிர்ஷ்டம், புகை வாசனை சட்டையில் ஒரு வாரம் நிற்கும். பொதுத்தேர்வு மாதத்தில் டிரம்ஸை மூடி வையுங்கள். தெருவில் துக்க வீடு என்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரவல் கொடுத்த கேபிள் திரும்பி வராது. கிதார் ஒலியை மாற்றும் பெடல் வரும், ஆனால் பேட்டரி இருக்காது. இதற்கு என்னிடம் வழி இல்லை.

முதல் வெளியூர் நிகழ்ச்சி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முதல் நிகழ்ச்சிக்கு அதுவே நல்லது, போய்விட்டு இரவே திரும்பலாம். பெங்களூர் என்றால் கன்னியாகுமரியிலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ், கேரளத்துக்குள் சுற்றிப் பாலக்காடு, சேலம் வழியாக ஏறத்தாழ 20 மணி நேரம். பெரிய குழுக்கள் அங்கே வந்திருக்கின்றன: 2007 மார்ச் 17இல் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிகா, 2012இல் ஸ்லேயர். பெங்களூர் ஓப்பன் ஏர் திருவிழாவும் 2012இல்தான் தொடங்கியது. தனியாகப் போகாதீர்கள். அந்த 20 மணி நேரம்தான் சிநேகிதம் உறுதிப்படும் நேரம். சோற்றுப் பொதியைப் பிரித்து யார் யாருக்கு எவ்வளவு மீன் வைக்கிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

நுழைய வயது வரம்பு உண்டா என்று டிக்கெட்டில் பாருங்கள், அடையாள அட்டை எடுங்கள். மருந்துக்கடையில் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் மலிவு, வாங்கிப் பையில் போடுங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபலுக்குக் கணக்கு கால் மணி நேரம்தான். கச்சேரி பெரும்பாலும் அதற்கும் மேலே போகும். ராத்திரி முழுக்கக் காதில் 'ஙொய்' என்று இரைந்தால் அது பெருமை இல்லை.

மேடைக்கு முன்னால் ஆட்கள் வட்டமாக ஒருவரையொருவர் மோதி ஓடுவதைப் பார்த்தால் முதலில் அடிதடி என்றே தோன்றும். மோஷ் பிட் அது. விளிம்பில் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாருங்கள். எவராவது விழுந்தால் நான்கு கைகள் உடனே தூக்கும், அந்த ஒரு விதியை மீறுகிறவனை அங்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள். முழங்கையை விரிக்கக் கூடாது. வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவரை இழுக்கக் கூடாது. பொருள் கிடந்தால் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்தைச் சுழற்றி ஆடுகிறவர்கள் இடுப்பிலிருந்து ஆடுங்கள். முதல் நாள் ஆர்வத்தில் கழுத்தை மட்டும் ஆட்டியவன் மறுநாள் தலையைத் திருப்ப உடம்பையே திருப்பிக்கொண்டு நடப்பான்.

செருப்புப் போட்டுப் போகாதீர்கள். 2011இல் மெட்டாலிகா நிகழ்ச்சிக்கு நான் ரப்பர் செருப்போடு போனேன். இரண்டாவது பாட்டிலேயே வலது கால் செருப்பு போய்விட்டது. தேடக் குனிந்தால் மிதிபடுவோம் என்று பயந்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு நின்றேன். பத்தடி தள்ளி ஒரு கை என் நீல வார்ச் செருப்பை விளக்கு மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தது. கை மாறிக் கை மாறி அது என்னிடம் வந்தது, வார் பிய்ந்து. எடுத்தவரும் பின்னாலேயே வந்தார். ஷில்லாங்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, என் இந்தி தூர்தர்ஷன் அளவு. தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றி, என் காலோடு சேர்த்துச் செருப்பைக் கட்டிவிட்டார். இன்றும் அக்டோபர் 30 அன்று அவரிடமிருந்து ஏதாவது ஒரு செருப்பின் படம் வரும். நான் பதிலுக்கு வடசேரிச் சந்தைச் செருப்புக் கடையைப் படமெடுத்து அனுப்புவேன்.

ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்

இதற்கு முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். துபாய், பெங்களூர், கப்பல் வேலை, வெளிநாட்டு நர்சிங். நல்ல டிரம்ஸ்காரர் அமைந்தால் அவருக்கு விசா வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு குழுவில் ஐந்து வருடத்தில் நான்கு டிரம்ஸ்காரர் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் மெட்டல் ரசிகர்கள் முகம் தெரியாதவர்களுக்குக் கேசட் பதிவு செய்து தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். மெட்டாலிகாவின் 1982 மாதிரிப் பதிவு, ஆல்பம் வரும் முன்பே நாடு தாண்டியது அப்படித்தான். அந்தக் குழு உருவானதே அதன் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிச் 1981இல் ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் ஆள் தேவை என்று கொடுத்த விளம்பரத்தால். எனக்கு இந்தச் சத்தம் வந்ததும் மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியில், டைகர் பாமுக்கும் லுங்கிக்கும் நடுவே இருந்த ஒரு கேசட்டில். ஆகவே போனவர்களை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு பாட்டு, கூடவே இரண்டு நிமிடக் குரல் பதிவு, ஏன் இது என்று. வெறும் இணைப்பு மட்டும் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். டிசம்பர் 25 சர்ச்சுக்கும் வீட்டுக்கும் போகும், 31 இரவும் அப்படியே. இடையில் உள்ள ஒரு நாளைப் பிடியுங்கள். நாங்கள் 28 வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டு, ஒரு குடை, மீனுக்கு நூறு ரூபாய். மரச்சீனி எங்கள் விளையிலேயே கிடக்கிறது. வண்டி ஓட்டுகிற தம்பி முந்தின நாள் வந்து பிடுங்கித் தருவான்.